கன்னத்தில் வழிந்த முட்டை

வளைகுடாவில், கராமா என்கிற இடத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் கவுண்டர், படம் எடுக்க ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி. ஓரத்தில் ஒரு பழுப்புத் திரைச்சீலை. அதை விலக்கினால் கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர், நான்.

நான் அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் என் நிறம். நானாக நினைத்துக்கொண்டு சொல்லவில்லை. சேர்ந்த அன்றைக்கே முதலாளி வாயால் சொன்னார்.

"தம்பி, நீ உள்ள உக்காந்துக்க. முன்னாடி அந்தப் பிலிப்பினோ புள்ள நிக்கட்டும். ஆளு வந்து போற எடம் பாரு."

முதலாளிக்குக் கீழக்கரை. நான் காக்கா என்று கூப்பிடுவேன், அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரும் என்னைவிட ஒரு பிடி வெளுப்பு, அவ்வளவுதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

அங்கே வேலை கிடைத்ததே ஒரு சண்டையில்தான். விசிட் விசாவில் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது சி.வி.க்கு அந்த ஸ்டுடியோவில்தான் படம் எடுத்தேன். கொடுத்த படத்தில் நான் மாவு பூசிய மாதிரி இருந்தேன். அதை ஒட்டிக்கொண்டு ஒரு ஹோட்டல் ரிசப்ஷன் வேலைக்குப் போனேன். அங்கே இருந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது உங்கள் தம்பியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். நான் நேராக ஸ்டுடியோவுக்கு வந்து கத்தினேன். காக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் தெரியுமா ஒனக்கு?" என்றார். தெரியும் என்றேன். அன்றிலிருந்து அடுத்தவர் முகத்தில் மாவு பூசுவது என் வேலை ஆனது.

கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் உண்டு. ஒன்று விசா, இன்னொன்று சி.வி. விசா படத்தில் கைவைக்கக் கூடாது. ஏர்போர்ட் மெஷினில் முகம் ஒத்துப்போகாது. சி.வி. படத்தில் கைவைக்காமல் விடக் கூடாது. வேலை கிடைக்காது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு நிறம். தினமும் முப்பது நாற்பது முகம் வருவதால், சி.வி. ஃபோல்டரில் எதைப் போட்டாலும் கம்ப்யூட்டர் தானாகவே முகத்தைக் கண்டுபிடித்து, வெளுத்து, தோலை வழவழப்பாக்கி, பிரிண்டருக்கு அனுப்புகிற மாதிரி நானே அமைத்துவைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வருகிறவர்கள் திரைச்சீலைக்குள் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"அண்ணே, கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்கண்ணே. சூப்பர் மார்க்கெட் வேலை, கேஷ்ல நிக்கணும்."

"எவ்வளவு ஏத்தணும்?"

"பாத்து ஏத்துங்க. ஒங்க கலருக்குக் கொண்டாந்துராதீங்க."

சிரிப்பேன். வேறென்ன செய்வது? கடைக்கண்ணாடிகளிலும் போனிலும் வருகிற வேலை விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் பயம் புரியும். இந்த நாட்டுக்காரன் மட்டும், அந்த நாட்டுக்காரி மட்டும், பார்க்க நன்றாக இருக்க வேண்டும். பார்க்க நன்றாக என்றால் என்ன அர்த்தம் என்று எவனும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதத்தில்தான் அந்தப் படங்கள் வந்தன.

கொண்டுவந்தது ஒரு அமெரிக்கப் பெண்மணி. கறுப்பினத்தவர். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐம்பது வயது இருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பன்னிரண்டு. ஸ்கேன் செய்து பெரிதாகப் போட்டுத் தர வேண்டும் என்று கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிலிப்பினோ பெண் அவற்றை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னைக் குயா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் ஊரில் அண்ணன் என்று அர்த்தம்.

"குயா, நாளைக்கு வேண்டுமாம். கவனமாக. அவளுடைய அம்மா இதில் இருக்கிறாளாம்."

முதல் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய துணிக்கடை. வாசலில் வரிசையாகக் கறுப்பின மக்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆண்கள் கோட்டு, டை. பெண்கள் தொப்பி, வெள்ளைக் கையுறை. சண்டை போட வந்தவர்கள் மாதிரியே இல்லை, இண்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்களுக்கு விற்கத் தெரியும், எங்களை வேலைக்கு வைக்கத் தெரியாதா என்கிற மாதிரி எழுதியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே இருந்து வெள்ளைக்காரச் சிப்பந்திகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் போலீஸ், கையில் தடி.

திரைச்சீலை மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

இங்கே வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. இங்கே கூட்டம் கூடி அட்டை பிடிக்கிற பேச்சே கிடையாது. சம்பளம் வரவில்லை என்று நாலு பேர் ஒன்றாக நடந்து ஆபீசுக்குப் போனாலே மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரு பஸ் நிறைய ஆட்களை ஒரே நாளில் ஊருக்கு அனுப்பிய கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் இங்கே வாழப் பழகினோம். அந்த மாதிரி பன்னிரண்டு படங்கள் என் மடியில் கிடந்தன. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா என்று மூளைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. அது படங்களை மறைக்கப் பார்த்தது.

காக்கா உள்ளே வந்தார். பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யா அல்லா. இது என்னப்பா கொடி புடிக்கிறது, மறியல் பண்றது... யாரு இத வாங்கிப் போட்டது?"

"அந்தப் புள்ளதான் காக்கா வாங்கியிருக்கு. அமெரிக்கா படம். பழசு."

"பழசோ புதுசோ, பாக்குறவனுக்கு என்ன தெரியும்? போலீஸ் நிக்கிறான் பாரு படத்துல. திருப்பிக் குடுத்துட்டா?"

"டீச்சரு காக்கா. ஏன் போடலன்னு கேட்டா என்ன சொல்றது?"

யோசித்தார். "சரி. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி ஜல்தியா முடி. கவர்ல போட்டு ஒட்டு. கம்ப்யூட்டர்லருந்து அழிச்சிரு. கலாஸ், வேல முடிஞ்சுது."

ஸ்கேன் செய்ய ஆரம்பித்தேன். ஏழாவது படம் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் கதவு திறக்கிற சத்தம். வெள்ளை அங்கி போட்ட உள்ளூர்க்காரர் ஒருவர், வீட்டு டிரைவருக்கு விசா படம் எடுக்கக் கூட்டிவந்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் காக்கா திரைச்சீலையைச் சர்ரென்று இழுத்து மூடிவிட்டு, வெளியே நின்று சத்தமாக ஸலாம் சொன்னார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஸ்கிரீனில் அட்டை பிடித்த ஆட்கள் பெரிதாக நிற்கிறார்கள். மீதி ஐந்தையும் அவசரமாக ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து, தினமும் முப்பது நாற்பது தடவை எங்கே போடுவேனோ அங்கே போட்டேன். சி.வி. ஃபோல்டரில்.

அது எனக்கு அப்போது தெரியாது. பிரிண்டர் ஓடியது. படங்கள் குப்புற விழுந்தன. திருப்பிக்கூடப் பார்க்காமல் அள்ளிக் கவரில் போட்டு ஒட்டினேன். பழைய படங்களைத் தனிக் கவரில் வைத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்தேன். வியர்வையைத் துடைத்தேன். உள்ளூர்க்காரர் டிரைவரோடு போய்விட்டார். திரைச்சீலைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

மறுநாள் டீச்சர் வந்து இரண்டு கவரையும் வாங்கிக்கொண்டு போனார். பிரிக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பேசி முடித்த பிலிப்பினோ பெண் திரைச்சீலையை விலக்கி நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"குயா, அந்த டீச்சர். மாலை ஐந்து மணிக்கு வருகிறாளாம். அந்தப் படங்களை யார் செய்தது, அந்த ஆள் இருக்க வேண்டும் என்கிறாள். அவள் அம்மாவை யாரோ வெள்ளையாக்கிவிட்டார்களாம்."

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கம்ப்யூட்டரில் அழித்த இடத்தைப் போய் நோண்டினேன். பன்னிரண்டு படத்தில் ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்தது. திறந்தேன். கறுப்பின மக்கள் அத்தனை பேரும் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்து நின்றார்கள். முகத்தில் ஒரு கோடு இல்லை. வெளிச்சம் ஏறியதில் அட்டைகளில் எழுத்து பாதி காணோம். வெற்று அட்டையை மாட்டிக்கொண்டு, யாரோ வேறு ஆட்கள், எதற்கோ நிற்கிறார்கள்.

காக்காவிடம் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ வேணும்னு செய்யலதானே?"

"என்ன காக்கா இப்படிக் கேக்குறீங்க? பயத்துல கை தானா அங்க போயிருச்சு."

"அத அவ நம்பணுமே. நிறத்த வச்சுக் கேலி பண்ணுனோம்னு எழுதிக் குடுத்தா என்னாகும் தெரியுமா?"

தெரியும். நிறத்தை, இனத்தை, மதத்தைச் சொல்லி ஒருவரை இழிவு செய்தால் கேஸ். வேலை விளம்பரத்தில் எழுதினால் ஒன்றும் இல்லை. என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்காரவைத்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஒரு அமெரிக்கக்காரியின் அம்மாவை வெளுத்தால் நான் உள்ளே. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. விசா முடிய பதினொரு நாள். பேப்பரில் காக்கா கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் என்று ஒன்று வந்தால் அவர் போடுவாரா? நான் அவராக இருந்தால் போட மாட்டேன்.

மதியம் சாப்பிட ரூமுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கிற டிரைவர், அரியலூர்க்காரன், அன்றைக்கு லீவு. அவனிடம் சொன்னேன்.

"அடப்பாவி. ஊருல எல்லாரும் வெள்ளையாக்குனா காசு குடுக்குறான். நீ வெள்ளையாக்கி ஜெயிலுக்குப் போறியா மாப்ள?"

"வெளையாடாதடா."

"வெளையாடலடா. கேஸுன்னா மொதல்ல உள்ள, அப்புறம் ஊரு. லைஃப் பேன், ஆயுசுக்கும் தடை. கைரேகைய எடுத்துட்டான்னா அப்புறம் வேற பேருல வந்தாக்கூட உள்ள உட மாட்டான்." என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே பாவமாகிவிட்டது. "அந்தம்மா கால்ல உழுந்துரு மாப்ள. டீச்சருங்க கால்ல உழுந்தா உட்ருவாங்க."

அமெரிக்கா டீச்சர் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊருக்குப் போன் போடலாமா என்று நினைத்தேன். மனைவியிடம் என்ன சொல்வது? போட்டோ கடையில் இருக்கிறவனுக்கு என்ன ஜெயில் என்றுதான் கேட்பாள். போடவில்லை.

ஐந்து மணிக்குச் சரியாக வந்தார். நான் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கவுண்டரில் பழைய படம் ஒன்றையும் நான் போட்ட பிரிண்ட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

காக்கா கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம், மெஷின் கோளாறு. மெஷின்தான். ஆட்டோமேடிக்."

"மெஷின் யாருடையது?" என்று கேட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன்.

"பையன் புதுசு, மேடம். தப்பு பண்ணிவிட்டான். அவன் விசாவை கேன்சல் பண்ணிவிடுகிறேன்."

ஏழு வருடத்தில் நான் புதுசு ஆகிவிட்டேன். கேன்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் காலே என்னை வெளியே தள்ளியது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழாக இல்லை, முகத்தை மட்டும் பார்த்தார். எதிர்பார்த்த ஆள் நான் இல்லை என்று அவர் கண்ணில் தெரிந்தது. என் கறுப்பு அவர் கறுப்புக்குக் குறைந்தது இல்லை.

"நீயா செய்தது?"

"ஆமாம் மேடம்."

பழைய படத்தில் விரல் வைத்தார். வரிசையில் மூன்றாவதாக ஒரு இளம்பெண். இருபது வயதுகூட இருக்காது. கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு. நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கன்னத்தில் பளபளவென்று ஏதோ வழிந்து, தாடையில் சொட்டி நிற்கிறது.

"இது என் அம்மா. இது முட்டை. ரோட்டில் போனவன் எறிந்தான். அவள் துடைக்கவில்லை. படம் எடுக்கிறவர்கள் எடுத்து முடிக்கும் வரை துடைக்கக் கூடாது என்று நின்றாள். கடைசி வரை எங்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்." விரல் என் பிரிண்டுக்கு வந்தது. வெளுத்த கன்னம். முட்டை இல்லை. "நீ துடைத்துவிட்டாய்."

காக்கா ஏதோ பேச வந்தார். அவர் பக்கம் திரும்பாமலே டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன்?"

என் ஆங்கிலத்தில் இதை விளக்க முடியாது என்று தெரிந்தது. "உள்ளே வாங்க மேடம்" என்றேன். காக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் உள்ளே வந்தார்.

சி.வி. ஃபோல்டரைத் திறந்தேன். எடுத்த முகமும் வெளுத்த முகமும் ஜோடி ஜோடியாக வந்தன. இந்தியா, நேபாளம், இலங்கை, கென்யா, உகாண்டா. கீழே போய்க்கொண்டே இருந்தேன். படங்கள் முடியவில்லை. "வேலைக்கு, மேடம். இது வேலைக்கு. இது விசாவுக்கு" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. பிறகு என் படத்தைத் திறந்தேன். ஏழு வருடத்துக்கு முந்தைய மாவு பூசிய நான். "இதுவும் வேலைக்கு. கிடைக்கவில்லை."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் போன் இருந்தது. அதை எடுத்து ஒரு படம் பிடித்தால் காக்கா, கடை, நான் எல்லாம் முடிந்தோம்.

போனைப் பைக்குள் போட்டார். பையில் இருந்து பழைய படங்களை எடுத்தார்.

"பன்னிரண்டையும் திரும்பப் போடு. நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். விசா ஃபோல்டரில் போட்டேன். ஒவ்வொரு படமும் ஸ்கிரீனில் வரும்போது குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். நடுவில் ஒரு தடவை, "இங்கே யாராவது இப்படிக் கடை முன்னால் நிற்பார்களா?" என்று கேட்டார். திரைச்சீலைக்கு வெளியே நின்ற காக்கா அவசரமாக, "நோ மேடம், இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லோரும் ஹேப்பி" என்றார். டீச்சர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நான் சிரிக்கவில்லை.

பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டார். வெளுத்த பிரிண்டுகளைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். பதினொன்றைக் கொடுத்தார். அவர் அம்மா இருந்த ஒன்றை மட்டும் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் போன பிறகு காக்கா கேட்டார்: "அத எதுக்குய்யா எடுத்துட்டுப் போறா?" அதுதான் என் பயமும். சாட்சி அவர் பையில்.

அடுத்த பதினொரு நாளும் கதவு திறக்கும்போதெல்லாம் திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைத்தேன். மெட்ரோவில் யாராவது என்னை இரண்டு தடவை பார்த்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டேன். போலீஸ் வரவில்லை. போனும் வரவில்லை. காக்கா ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டார். கேன்சல் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விசா வந்தது.

அந்தத் தானாக வெளுக்கிற அமைப்பை எடுத்துவிட்டேன். திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பயந்துதான் எடுத்தேன். இப்போது ஒவ்வொரு முகத்தையும் நானே திறந்து, ஆளைக் கூப்பிட்டு, "வெளுக்கணுமா, அப்படியே வுடவா?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். பெரும்பாலும் வெளுக்கச் சொல்கிறார்கள். ஆனால் கேட்டவுடன் ஒரு கூச்சம் வருகிறது அவர்களுக்கு. ஒருவன் மட்டும், "வேணாண்ணே, நேர்ல போனா தெரியத்தானே போவுது" என்று சொல்லிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "லேசா ஏத்திருங்க" என்றான்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் அந்த டீச்சர் மறுபடியும் வந்தார். குரலைக் கேட்டதுமே நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். எதற்கு அணைத்தேன் என்று தெரியாது. பிலிப்பினோ பெண் திரைச்சீலையை விலக்கினாள்.

"குயா, உன்னைத்தான் கேட்கிறாள். படம் எடுக்க வேண்டுமாம்."

வெளியே வந்தேன். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். கோட்டுப் போட்டு, கழுத்து வரை பட்டன் போட்டிருந்தார்.

"விசாவுக்கா மேடம்?"

"இல்லை. சி.வி. வேறு பள்ளிக்கூடம் பார்க்கிறேன்."

நானே எடுத்தேன். நாலு எடுத்தேன். உள்ளே போய் ஸ்கிரீனில் திறந்தேன். அவர் பின்னால் வந்து நின்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை இவரிடமும் கேட்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அவமானம். கேட்காமல் விட்டால், மற்றவர்களுக்குச் செய்வதை இவருக்கு மறைப்பது மாதிரி. கேட்டுவிட்டேன்.

"ஏதாவது செய்யணுமா மேடம்?"

உடனே வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். கோபப்படுவார் என்றுகூட நினைத்தேன். அவர் ஸ்கிரீனில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. யோசிக்கிறார். முட்டையைத் துடைக்காமல் நின்றவளின் மகள் யோசிக்கிறார். எனக்குப் போலீசை நினைத்து வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆமாம் என்றுவிடுவாரோ என்று மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வேண்டாம்" என்றார். "அப்படியே போடு."

போட்டேன். அவசரமாக வெட்டியதில் ஒரு ஓரம் கோணலாகப் போனது. வேறு ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அந்த வேலை அவருக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.